மேடையில் சாட்சியா, ஒருவரிடம் அறிக்கையா? ஆபாசப் பழக்கத்தோடு போராடும் கிறிஸ்தவ ஆண்களுக்கான விவாத இழை

கல்லடி வாலிபன் எழுதியது:

சகோதரர்களுக்கு வணக்கம். நான் மட்டக்களப்பு நகரை அண்டிய ஒரு சபையில் வாலிபர் கூட்டத்திற்குப் பாடல் நடத்துகிறவன். ஆபாசக் காணொளி பார்க்கும் பழக்கம் பாடசாலைக் காலத்தில் என்னைத் தொற்றியது. இன்றுவரை முழுதாக விட்டபாடில்லை. அது எப்படி நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, இரவு டேட்டா தொடங்கும் நேரம் பார்த்து, திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டு, பக்கத்து அறையில் அம்மா இருமினால் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். பிறகு அழுது ஜெபம்பண்ணுவேன், தேடிய சுவடுகளை அழிப்பேன், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் மேடையில் நின்று மற்றவர்களை ஆராதனைக்குள் நடத்துவேன்.

அடுத்த மாதம் எங்கள் சபையில் வாலிபர் உபவாச ஜெபம் நடக்கவிருக்கிறது. இந்தப் பாவத்திலிருந்து விடுதலை பெற்றவர்கள் முன்வந்து சாட்சி சொல்லலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். எழுந்து நின்று சொல்லிவிட்டால் வெட்கத்துக்குப் பயந்தாவது திரும்ப விழமாட்டேன் என்று ஒரு மனம் சொல்கிறது. இது சின்ன ஊர், திங்கட்கிழமை காலையில் மீன் வாங்க வரும் மாமிமார் வரைக்கும் கதை போய்விடும் என்று இன்னொரு மனம் சொல்கிறது. எனக்குத் திருமணம் நிச்சயமாகியும் இருக்கிறது. தாழ்மை என்பது எல்லோர் முன்னிலையிலும் சொல்வதுதானா, அல்லது அதற்கு வேறு வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

சபைகளின் பெயரையோ ஆட்களின் பெயரையோ யாரும் இங்கே எழுத வேண்டாம். தளங்களின் பெயர்களும் வேண்டாம்.

போதகர், அம்பாறை மாவட்டம் எழுதியது:

தம்பி, முதலில் நீங்கள் இதை எழுதியதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஒரு ஸ்திரீயை இச்சையோடு பார்க்கிறவன் இருதயத்தில் ஏற்கெனவே விபசாரம் செய்தாயிற்று என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை எந்த விதத்திலும் இலேசாக்க முடியாது. யோபு தன் கண்களோடு உடன்படிக்கை பண்ணினான் என்று 31ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கண்ணுக்கு வேலி போடாதவன் இருதயத்தைக் காக்க முடியாது. தாவீது ராஜா பத்சேபாளோடு விபசாரத்தில் விழுந்தது எப்போது என்பதைக் கவனியுங்கள்: ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் அவன் எருசலேமில் தங்கிவிட்டான், சாயங்காலத்தில் படுக்கையை விட்டு எழுந்து மாடியில் உலாவினான். உங்கள் இரவு டேட்டாவும் அதே மாடிதான்.

என் ஆலோசனை இரண்டு. உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்லுங்கள், ஏனென்றால் இருட்டில் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தால்தான் அதன் பலம் போகும். அதற்கு முன்பே பாடல் ஊழியத்திலிருந்து விலகி இருங்கள். அழுக்கான கையோடு பலிபீடத்தைத் தொட வேண்டாம்.

புளியந்தீவு மெதடிஸ்தர் எழுதியது:

போதகர் ஐயா தாவீதை எடுத்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் போனபோது ஒரு கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்று நேருக்கு நேர் சொன்னார். அரண்மனை முற்றத்தில் ஜனங்களைக் கூட்டி வைத்துச் சொன்னதாக வேதத்தில் இல்லை. தாவீதின் மனந்திரும்புதல் ஜெபமான 51ஆம் சங்கீதம் பிற்பாடுதான் எல்லோரும் பாடும் பாட்டானது.

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கிய கதையை எங்கள் பிள்ளைகள் பாடசாலை விழாக்களில் ஒப்புவிக்கிறார்கள். அவர் கொண்டுவந்த பள்ளிக்கூடத்தையும் பாட்டுப் புத்தகத்தையும் இருநூறு வருடத்துக்கு மேலாகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். ஆனால் அவரை அனுப்பிய இயக்கத்தின் நடுநரம்பாக இருந்த ஒன்றைக் கைவிட்டுவிட்டோம். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1738ஆம் ஆண்டு டிசம்பரில் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள், ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று யாக்கோபு 5:16இல் உள்ள கட்டளைக்குக் கீழ்ப்படிவதே அந்தக் கூட்டத்தின் நோக்கம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். வாரம் ஒரு முறையாவது கூட வேண்டும். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, மணமானவர்களும் ஆகாதவர்களும் வேறு வேறாகக் கூடினார்கள். கடந்த கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவம் என்ன, சந்தித்த சோதனை என்ன, அதிலிருந்து எப்படித் தப்பினாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். சேர்வதற்கு முன்பே, உன் குறைகளை ஒளிவுமறைவின்றி உன் முகத்துக்கு நேராகச் சொல்ல நீ விரும்புகிறாயா என்று கேட்டுவிடுவார்கள்.

இன்றைய சாட்சிக் கூட்டத்தில் "நான் விழுந்திருந்தேன், இப்போது எழுந்துவிட்டேன்" என்று முடிந்த கதை சொல்லப்படுகிறது. கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்கள், சொன்னவர் அடுத்த வாரம் விழுந்தால் அதை யாரிடமும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் ஏற்கெனவே ஜெயம் பெற்றவராகிவிட்டார். வெஸ்லியின் குழுவில் முடியாத கதைக்கும் இடம் இருந்தது. போன வாரம் என்ன நடந்தது என்பதுதான் அங்கே கேள்வி. தம்பி, நீங்கள் இன்னும் விடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, விடுதலை பெற்றவர்களுக்கான மேடையில் ஏறினால் அங்கே என்ன சொல்லப் போகிறீர்கள்?

மனைவி ஒருத்தி எழுதியது:

ஆண்கள் பேசும் இழையில் எழுதுவதற்கு மன்னிக்கவும், ஆனால் எனக்கும் இதில் சொல்ல இருக்கிறது. என் கணவர் இதே பழக்கத்தைப் பற்றிச் சபையில் சாட்சி சொன்னார். அதுவரை எனக்கு அது தெரியாது. பெண்கள் பக்கத்தில், மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த நான், ஒலிபெருக்கி வழியாகத்தான் என் குடும்பத்தின் கதையைக் கேட்டேன். கூட்டம் முடிந்ததும் அவரைக் கட்டித்தழுவ வரிசையாக வந்தார்கள். என்னிடம் வந்த ஒரு மூத்த அம்மா, "நீயும் கொஞ்சம் உடுத்திப் படுத்தி வீட்டில் இருக்க வேணும் மகள்" என்றார்.

அவர் மனம் திருந்தியது உண்மை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று அவர் தன்னைத் தாழ்த்தினார் என்று எல்லோரும் சொன்னபோது, தாழ்த்தப்பட்டவள் நான்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு கைபேசியின் கடவுச்சொல்லை என்னிடம் தந்து, "இனி நீயே பார்த்துக்கொள்" என்றார். ஒவ்வொரு இரவும் நான் போனைத் தட்டிப் பார்க்கும் காவல்காரியானேன். அது எனக்கு வேண்டாத வேலை. இப்போது அவர் வேறொரு சபையைச் சேர்ந்த வயதான ஒரு அண்ணனிடம் கணக்குச் சொல்கிறார். அவரிடம் சொல்லி முடித்த பிறகு என்னிடம் சொல்ல வேண்டியதைத் தானாகவே சொல்கிறார். அதுவே எனக்குப் போதும்.

தம்பி, நிச்சயம் செய்த பிள்ளைக்குத் திருமணத்துக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். விவரம் விவரமாகச் சொல்லி அவரின் மனதில் படங்களை ஏற்ற வேண்டாம். பழக்கம் உண்டு, எவ்வளவு காலமாக, இப்போது யாரிடம் உதவி கேட்டிருக்கிறீர்கள் என்பது போதும். மேடையில் சொல்வதானால் அதற்குப் பிறகுதான். யோசிக்க அவர் காலம் கேட்டால் கொடுங்கள், வேண்டாம் என்றாலும் அது அவரின் உரிமை.

மரியாயின் பிள்ளை எழுதியது:

நான் கத்தோலிக்கன். சகோதரி எழுதியதை வாசித்தபோது எங்கள் பக்கத்தில் பலர் வேண்டாவெறுப்பாகச் செய்யும் பாவசங்கீர்த்தனத்தின், அதாவது குருவானவரிடம் தனியே பாவங்களை அறிக்கையிடுவதன், அருமை இன்னும் விளங்குகிறது. குருவானவர் அங்கே கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு அந்த இரகசிய முத்திரையை மீற முடியாதது என்கிறது. சொந்தப் பங்குத்தந்தையிடம்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கல்முனையில் இருப்பவர் மட்டக்களப்புக்கு வரலாம், செப்டெம்பரில் ஆயித்தியமலைத் திருவிழாவுக்குப் போகிறவர் அங்கே முகமறியாத ஒரு சுவாமியிடம் சொல்லலாம்.

கல்லடித் தம்பியின் பதிவை வாசித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது எகிப்தின் பாலைவனத் துறவி செராபியோனின் கதை. 5ஆம் நூற்றாண்டில் யோவான் கசியான் அதை எழுதி வைத்திருக்கிறார். செராபியோன் சிறுவனாகத் தேயோனாஸ் என்ற மூத்த துறவியோடு இருந்தபோது, தினமும் சாப்பாடு முடிந்ததும் ஒரு ரொட்டித் துண்டை மடியில் ஒளித்து வைத்து, மாலையில் இரகசியமாகத் தின்பாராம். தின்ற சுகத்தைவிடத் தின்ற பிறகு வரும் வேதனை பெரிதாக இருந்தது. ஆனாலும் மறுநாள் யாரோ கட்டளையிட்டதுபோலக் கை போகும். ஒரு நாள் பார்க்க வந்தவர்களோடு பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு போசனப்பிரியத்தைப் பற்றியும், மறைத்து வைக்கும் எண்ணங்கள் மனிதனை எப்படி ஆள்கின்றன என்பதைப் பற்றியும் திரும்பியது. சிறுவனால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே மடியிலிருந்த ரொட்டியை எடுத்து எல்லோர் முன்னும் வைத்து, தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். உன் அறிக்கையே உன்னை விடுவித்துவிட்டது என்றார் பெரியவர்.

கவனியுங்கள், அவன் ரொட்டியை முடித்துவிட்டு வந்து "நேற்று வரை திருடினேன்" என்று சொல்லவில்லை. அன்றைய ரொட்டி மடியில் இருக்கும்போதே சொன்னான். புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவற ஒழுங்கில் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் சொல்லும்போது, உள்ளத்தில் எழும் தீய எண்ணங்களை மடாதிபதியிடம் மறைக்காமல் சொல்வதை ஐந்தாம் படியாக வைத்தார். நாம் தாழ்ச்சி என்றால் தலையைக் குனிந்து "நான் மகா பாவி" என்று சொல்வது என்று நினைக்கிறோம். நான் மகா பாவி என்று சொல்வது மிகச் சுலபம், ஏனென்றால் அதில் எந்த விவரமும் இல்லை. நேற்று இரவு பார்த்தேன் என்று சொல்வதற்குத்தான் நாக்கு எழாது.

கடற்கரைவாசி எழுதியது:

எல்லோரும் பார்க்கிற ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பெரிய இழை? சமயம்தான் இவர்களுக்குக் குற்ற உணர்வை ஊட்டி நோயாளியாக்குகிறது. கல்யாணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்.

உளவளத்துணையாளர் எழுதியது:

கடற்கரைவாசி சொன்னதில் ஒரு பாதி கவனிக்கத் தக்கது, மறுபாதி தவறு.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் போதைப் பழக்கங்களோடு அல்ல, உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாத கோளாறுகளோடு வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்காக, பொதுவாக 6 மாதங்களோ அதற்கு மேலோ, விட முயன்றும் விட முடியாமல், வேலையும் உறவும் உடல்நலமும் பாதிக்கப்படும் அளவுக்கு அது தொடர வேண்டும். அந்த நடத்தை பாவம் என்ற ஒழுக்கத் தீர்ப்பினால் மட்டுமே ஒருவர் துன்பப்பட்டால், அதை வைத்து இந்தக் கோளாறு என்று முடிவு செய்யக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே எப்போதாவது பார்த்துவிட்டுக் கடுமையாக மனம் வருந்தும் விசுவாசி தன்னை "அடிமை" என்று உடனே பெயரிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மனச்சாட்சி உறுத்துவது நோயாகாது. அதேபோல, நோய் இல்லை என்று மருத்துவம் சொல்வதால் அவருடைய மனச்சாட்சி பொய் சொல்கிறது என்றும் ஆகாது.

திருமணம் முடித்தால் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். என்னிடம் இந்த விடயத்துக்காக வருகிறவர்களில் மணமானவர்களே அதிகம். பெரும்பாலும் அந்தப் பழக்கம் ஆசையைவிடத் தனிமை, சலிப்பு, தூக்கமின்மை, வேலையில் பட்ட அவமானம் ஆகியவற்றோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றை அவிழ்க்காமல் பெண் பார்த்து முடித்து வைத்தால், அதே பழக்கம் இன்னோர் ஆளையும் சேர்த்துக்கொண்டு தொடரும். வெட்கம் வேலை செய்யும் விதமும் ஒன்று உண்டு: விழுந்தவுடன் வரும் கடும் வெட்கமே அடுத்த விழுகைக்குக் காரணமாகிறது, ஏனென்றால் அந்த வெட்கத்தை மறக்க அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அந்தத் திரைதான். ஆகவே வெட்கத்துக்குப் பயந்து விடுவேன் என்ற தம்பியின் கணக்கு பெரும்பாலும் பிழையாகிவிடும்.

பழக்கம் கைமீறிப் போய்விட்டது, மனச்சோர்வு வருகிறது, உயிரை மாய்க்கும் எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்றால் ஜெபத்தோடு நிறுத்த வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போக வெட்கமாக இருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம்.

வளைகுடாவிலிருந்து வந்தவன் எழுதியது:

தொழில்நுட்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் வேலை செய்த நாட்டில் அரசாங்கமே இந்தத் தளங்களை முடக்கியிருந்தது. ஆனாலும் தொழிலாளர் முகாமில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் மெமரி கார்ட் கைக்குக் கை மாறியது. ஆகவே தடை மட்டும் மனிதனை மாற்றும் என்று நான் நம்புவதில்லை. ஆனால் வேலி வேண்டாம் என்பவர்களையும் நம்புவதில்லை. சோதனைக்கு நான் பலவீனமானவன் என்பதை ஒப்புக்கொள்கிறவன்தான் வேலி போடுவான். அதைப் போட மறுப்பவனுக்குத் தன்மேல் நம்பிக்கை கூடிப்போயிருக்கிறது.

வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று கொடுத்தால், கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவச வடிகட்டி பெரும்பாலான ஆபாசத் தளங்களைத் திறக்கவிடாது. போனில் சிம் டேட்டாவுக்குத் தனியாக அமைக்க வேண்டும். ரவுட்டரின் கடவுச்சொல்லை மனைவியிடமோ தாயிடமோ கொடுக்காமல், அந்தச் சகோதரி சொன்னதுபோல, வேறொரு ஆண் நண்பரிடம் கொடுங்கள். இரவில் போனைப் படுக்கை அறைக்கு வெளியே சார்ஜில் போட்டுவிட்டு, அலாரத்துக்கு ஒரு சின்ன மணிக்கூடு வாங்குங்கள். இதெல்லாம் ஆவிக்குரிய காரியமில்லை என்று சிலர் சிரிப்பார்கள்.

இன்னொன்று. திரையில் தெரியும் அந்தப் பெண்கள் எல்லோரும் மனம் விரும்பி அங்கே வந்தவர்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முகாமில் ஒருநாள் ஒருவன் காட்டிய காணொளியில் தமிழ்க் குரல் கேட்டது. யாரோ களவாகப் படம்பிடித்தது என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. எனக்கும் தங்கை இருக்கிறாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக, என் பரிசுத்தத்தைப் பற்றியல்லாமல் அந்தப் பெண்ணைப் பற்றி ஜெபம்பண்ணினேன்.

போதகர், அம்பாறை மாவட்டம் எழுதியது:

சகோதரி எழுதியதைப் பல தடவை வாசித்தேன். மனைவிக்குத் தெரியாததைச் சபைக்குச் சொல்ல ஒரு கணவனை அனுமதிக்கக் கூடாது. இது எங்கள் கூட்டங்களை நடத்துகிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டியது. சாட்சி மேடையை இந்த விடயத்துக்குத் திறப்பதைப் பற்றி நான் சொன்னதை விலக்கிக்கொள்கிறேன்.

ஊழியத்திலிருந்து விலகுவதைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. இரவில் பார்த்துவிட்டுக் காலையில் மேடையில் நிற்கும் அந்த இரட்டை வாழ்க்கையே அவரை உள்ளுக்குள் கொல்கிறது.

புளியந்தீவு மெதடிஸ்தர் எழுதியது:

ஐயா, விலகுவதில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் எப்படி விலகுவது என்பதில் கவனம் வேண்டும். திடீரென்று பாடல் குழுவிலிருந்து ஒரு இளைஞன் காணாமல் போனால், எங்கள் ஊரில் அதற்குக் காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் தேவையில்லை. போதகருக்கு மட்டும் தெரிந்திருக்க, படிப்பையோ வேலையையோ காரணம் சொல்லச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். "சில காலம் ஓய்வெடுக்கிறார்" என்று போதகரே சொல்லி, அதற்கு மேல் யாரும் கேட்காதபடி தடுத்தால் போதும். அவரை எல்லா வேலையிலிருந்தும் ஒதுக்கவும் வேண்டாம். கதிரை அடுக்குவது, பாத்திரம் கழுவுவது, ஒலிபெருக்கிக் கம்பியைச் சுருட்டுவது போன்ற யாரும் பார்க்காத வேலையைக் கொடுங்கள்.

போதகர், அம்பாறை மாவட்டம் எழுதியது:

அது நல்லது. ஆனால் எவ்வளவு காலம் என்பதை அந்த இளைஞனே தீர்மானிக்கக் கூடாது.

கல்லடி வாலிபன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உபவாச ஜெபத்தில் எழுந்து நிற்கப் போவதில்லை. செராபியோனின் கதையை வாசித்த பிறகு எங்கள் போதகரிடம் போய் ரொட்டி மடியில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். பாடல் குழுவிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார், எப்போது திரும்ப வரலாம் என்று சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை. ரவுட்டருக்கு 1.1.1.3 போட்டாயிற்று, கடவுச்சொல் என் ஒன்றுவிட்ட அண்ணனிடம். நிச்சயம் செய்த பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

மனைவி ஒருத்தி எழுதியது:

தொலைபேசியில் சொல்லாதீர்கள், நேரில் சொல்லுங்கள். அவருடைய அக்காவோ தோழியோ கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடமாகப் பாருங்கள், உங்களோடு பேசி முடித்ததும் அவர் தனியாக இருக்க வேண்டி வரக் கூடாது. மன்னிப்பை அன்றைக்கே எதிர்பார்க்க வேண்டாம்.

கல்முனையிலிருந்து ஒருவன் எழுதியது:

மெதடிஸ்த ஐயா சொன்ன மாதிரிக் குழு ஒன்றை நாங்கள் மூன்று பேர் தொடங்க நினைக்கிறோம். ஒருவர் கத்தோலிக்கர், இருவர் வேறு வேறு சபை. இது சரிவருமா?

புளியந்தீவு மெதடிஸ்தர் எழுதியது:

சரிவரும். சபை வேறாக இருப்பது உங்களுக்கு நல்லதுதான், கதை சபைக்குள் ஓடாது. ஆளைக் கூட்டாதீர்கள், ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு பிரசங்கமாக மாறிவிடும். வீட்டில் கூட வேண்டாம், பிள்ளைகள் வருவார்கள் போவார்கள். வார நாளொன்றில் வேலை முடிந்த பிறகு கடற்கரையில் நடந்துகொண்டே பேசலாம், நேருக்கு நேர் முகத்தைப் பார்க்காமல் நடக்கும்போது ஆண்களுக்கு வாய் திறக்கும். முதலில் மூத்தவர் தன் வாரத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லும்போது மற்றவர் உபதேசம் செய்யக் கூடாது. கேட்டு முடித்து அவருக்காக ஜெபித்துவிட்டு, அடுத்தவரிடம் கேளுங்கள். கத்தோலிக்க சகோதரர் பாவசங்கீர்த்தனத்தை இதற்காக விட்டுவிட வேண்டாம், அது வேறு, இது வேறு. எந்தக் கிழமை வசதி?

கல்முனையிலிருந்து ஒருவன் எழுதியது:

வியாழன். ஒருவருக்கு இரவு வேலை என்பதால் மாலை ஐந்தரைக்குத் தொடங்குகிறோம்.